உங்க முறை என்னைக்கு?

ஜூன் 12

அன்புத் தம்பிக்கு அக்கா எழுதிக்கொள்வது.

இங்கே அம்மாவும் நானும் இருக்கிறபடி இருக்கிறோம். நீயும் உன் வீட்டுக்காரியும் சின்னவளும் சுகமாக இருக்கிறீர்களா? உன் வயிற்றெரிச்சல் எப்படி? காபியைக் குறைத்தாயா, இல்லை, டாக்டர் பேச்சையும் என் பேச்சைப் போலக் காற்றில் விட்டாயா?

உன் பதவி உயர்வுச் செய்தியை அம்மாவுக்கு உரக்க வாசித்துக் காட்டினேன். போனில் சொன்னால் அவளுக்குக் காது கேட்பதில்லை. கடிதம் என்றால் இரண்டு தடவை வாசிக்கச் சொல்லிக் கேட்கிறாள். "எந்த ஆபீசுடி?" என்றாள். நீ எழுதினால்தானே நான் சொல்ல? பிரிவு அதிகாரி ஆகிவிட்டேன் என்று எழுதியவன், எந்தப் பிரிவு என்பதை மட்டும் விழுங்கிவிட்டாய்.

அம்மாவின் வாதம் வந்த இடது பக்கம் அப்படியேதான் கிடக்கிறது. கவலை இருமலைப் பற்றித்தான். இருமல் வந்தால் யாராவது உடனே தூக்கி உட்கார வைக்க வேண்டும், இல்லாவிட்டால் சளி தொண்டையை அடைத்துக்கொள்கிறது. நான் பள்ளிக்கூடத்தில் இருக்கும் நேரத்துக்குத் தெருக்காரர்கள் முறை வைத்து வந்து உட்காருகிறார்கள். தையற்காரம்மா, ரிட்டயர் ஆன பஸ் டிரைவர், ரொட்டிக்கடைக்காரர் மனைவி என்று ஆளுக்கொரு நாள். நம் வீட்டுக்கு மட்டுமில்லை, இந்தத் தெருவில் படுக்கையில் கிடக்கிற எல்லாருக்கும் இப்படித்தான். எப்போது தொடங்கியது என்று யாருக்கும் ஞாபகமில்லை. "முறைக்காரங்க" என்று பெயர்.

இந்த வாரம் ஒன்பதாம் வகுப்பில் குடிமைச் சமூகம் பாடம் எடுத்தேன். புத்தகத்தில் இருக்கிற விளக்கத்தைப் படித்தால் கொட்டாவிதான் வரும். அதனால் நேராகக் கேட்டேன். "வீட்டுல ஒருத்தருக்கு முடியல. வீட்டுல ஆள் இல்ல, ஆஸ்பத்திரியில இடம் இல்ல, கையில காசும் இல்ல. அப்ப யார் பாப்பாங்க?" கடைசி பெஞ்சிலிருந்து குண்டூசி எழுந்தாள். தையற்காரம்மாவின் மகள், ஆள் ஒல்லி, கேள்வி குத்தும், அதனால் அந்தப் பெயர். "எங்கம்மா போவாங்க டீச்சர். புதன்கிழமை" என்றாள். இத்தனை வருஷம் சாக்பீஸ் தூளைத் தின்றதற்கு அன்றைக்குத்தான் பலன் கிடைத்தது, தம்பி.

பதில் போடு. அம்மா தபால்காரரின் மணிச் சத்தத்துக்கு மட்டும் காது கேட்கிறவள்.

உன் அக்கா

*

ஜூன் 28

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே எல்லோரும் நலம். அங்கே அம்மாவின் இருமல் எப்படி இருக்கிறது? உன் முழங்கால் வலிக்கு மருந்து தடவுகிறாயா?

என் பிரிவு சாதாரணப் பிரிவுதான். கோப்பு வரும், கோப்பு போகும். அம்மாவிடம் எழுத்து வேலை என்று சொல். அவளுக்கு அது போதும்.

பாடம் நடத்திய விதம் நன்றாக இருந்தது. ஆனால் உனக்கு ஒரு பழக்கம் உண்டு. பாடத்தைப் பாடமாக விடாமல் வாசலுக்கு இழுத்துக்கொண்டு போய்விடுவாய். காலம் இப்போது வேறு மாதிரி. புத்தகத்தில் உள்ளதை நடத்து, பரீட்சை வை, வீட்டுக்கு வா.

சின்னவள் அத்தையைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னாள்.

அன்புடன் தம்பி

*

ஜூலை 11

அன்புத் தம்பிக்கு,

அம்மா சுகம், நான் சுகம், முழங்கால் மட்டும் தன் இஷ்டத்துக்கு இருக்கிறது. உங்கள் எல்லோருடைய சுகத்துக்கும் எழுது.

புத்தகத்தில் உள்ளதை மட்டும் நடத்து என்று எழுதியிருந்தாய். அதைத்தான் செய்தேன், கோபிக்காதே. பாடத்தின் கடைசியில் ஒரு செய்முறைப் பயிற்சி இருக்கிறது: உங்கள் பகுதியில் ஓர் அமைப்பை உருவாக்கிப் பதிவு செய்வது எப்படி என்று எழுதுக. பொய்யாக ஓர் அமைப்பை எதற்கு உருவாக்க வேண்டும்? உண்மையாகவே ஒன்று இருக்கிறதே! முறைக்காரர்களுக்கு ஏட்டில் பெயரில்லை, விதியில்லை, பதிவில்லை. பிள்ளைகள் எல்லாவற்றையும் செய்துகொடுக்கட்டும் என்றேன்.

நீ பார்த்திருக்க வேண்டும். விதிகளை எழுத வகுப்பே இரண்டு கட்சியாகப் பிரிந்து சண்டை போட்டது. முறைக்கு வராதவருக்கு அபராதம் வேண்டும் என்று ஒரு கட்சி. "அபராதம் போட்டா அபராதத்துக்குப் பயந்துதான் வருவாங்க, பாட்டிக்காக வரமாட்டாங்க" என்று குண்டூசி கட்சி. ஓட்டுப் போட்டதில் குண்டூசி ஜெயித்தாள். டிரைவரைத் தலைவராக்கினோம். மேடையில் பேசச் சொன்னால் ராஜினாமா செய்துவிடுவேன் என்ற நிபந்தனையோடு ஒப்புக்கொண்டார். தையற்காரம்மா செயலாளர். அவர்கள் எல்லோரும் முதலில் கொஞ்சம் தயங்கினார்கள். "இப்பவே நல்லாத்தானே டீச்சர் ஓடுது? எதுக்கு எழுதிக் குடுக்கணும்?" என்றார் டிரைவர். "சரியா எழுதிக் குடுத்தா யாரும் எதுவும் கேக்க முடியாதுங்க. என் தம்பியே கவர்மென்ட்ல பெரிய ஆபீசர்" என்று நான்தான் தைரியம் சொன்னேன்.

குண்டூசியின் முத்து முத்தான கையெழுத்தில் விண்ணப்பம் எழுதி, நேற்று வகுப்பே ஊர்வலமாகப் போய்த் தபாலில் சேர்த்தோம். நீ இருக்கிற தலைநகரத்தில் உள்ள பதிவு அலுவலகத்துக்குத்தான். முடிந்தால் அது எந்த மேஜையில் இருக்கிறது என்று விசாரித்துச் சொல்லேன்.

அக்கா

*

ஜூலை 21

அக்கா,

அம்மா எப்படி இருக்கிறாள்? இங்கே நலம். இந்தக் கடிதத்தை அவளுக்கு வாசிக்காதே. சின்னவள் பள்ளி விழாவில் ஆடினாள் என்று நீயாகச் சொல்லிக்கொள்.

அந்த விண்ணப்பத்தைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறோம் என்று டிரைவர் பெயரில் உடனே எழுதிப் போடு. பிள்ளைகளிடம் பயிற்சி முடிந்தது, மதிப்பெண் போட்டாயிற்று என்று சொல். உட்காருகிறவர்கள் வழக்கம்போல வந்து உட்காரட்டும். பெயர் வேண்டாம், தலைவர் வேண்டாம், விதியும் வேண்டாம்.

காரணம் கேட்காதே. தம்பி சொல்கிறேன் என்பதற்காகச் செய்.

*

ஆகஸ்ட் 5

தம்பிக்கு,

நலம்தான். நீ எப்படி இருக்கிறாய் என்றுதான் தெரியவில்லை. அன்புடன் என்ற சொல்கூட இல்லாமல் ஒரு கடிதம் போட்டிருக்கிறாய். உடம்புக்கு ஏதாவதா? வீட்டில் மனஸ்தாபமா?

நீ சொன்னதை இரண்டு நாள் யோசித்தேன். முடியாது, தம்பி. பிள்ளைகள் தினமும் "பதில் வந்துச்சா டீச்சர்" என்று கேட்டுக்கொண்டேதான் வருகைப்பதிவுக்கே பதில் சொல்கிறார்கள். அவர்களிடம் போய், 'என் தம்பி வேண்டாம் என்றான், ஏனென்று சொல்லமாட்டானாம், அதனால் வாபஸ்' என்றால் நான் நடத்திய பாடத்துக்கு என்ன அர்த்தம்? காரணத்தைச் சொல். நியாயமாக இருந்தால் அன்றைக்கே எழுதிப் போடுகிறேன்.

உனக்குத் தெரிந்த ஏதோ ஒன்றை நீ சொல்லவில்லை. சின்ன வயசிலும் இப்படித்தான். கண்ணாடியை உடைத்துவிட்டு, "அக்கா, அந்த ரூமுக்குப் போகாதே" என்று வாசலை மறித்துக்கொண்டு நிற்பாய்.

அம்மா உன்னைக் கேட்டாள். போன வாரம் இருமலில் மூச்சு நின்றுவிட்டது போலாயிற்று. ரொட்டிக்கடைக்காரர் மனைவி தூக்கி நிமிர்த்தி, முதுகைத் தட்டி, மீட்டாள். மாவு ஒட்டிய கை அடையாளம் அம்மாவின் சட்டையில் அப்படியே இருந்தது. துவைக்க மனசு வரவில்லை.

அக்கா

*

அக்டோபர் 3

அன்புள்ள அக்காவுக்கு,

இத்தனை நாள் எழுதாததற்கு மன்னித்துக்கொள். வேலை அதிகம். உடம்புக்கு ஒன்றுமில்லை. அம்மாவின் மூச்சு இப்போது எப்படி?

ஒரு யோசனை. அடுத்த மாதத்திலிருந்து உன்னால் நீண்ட விடுப்பு எடுக்க முடியுமா? இல்லாவிட்டால் பகலுக்கு ஒரு நர்ஸ் வைத்துக்கொள், செலவு என்னுடையது. அம்மாவை இங்கே கொண்டுவந்துவிடலாம் என்றும் நினைத்தேன். மூன்றாம் மாடி, லிஃப்ட் இல்லை, வீட்டில் இருவரும் வேலைக்குப் போகிறோம்.

தெருக்காரர்களையே எப்போதும் நம்பிக்கொண்டிருக்க முடியாது இல்லையா. அதற்காகச் சொல்கிறேன்.

அன்புடன் தம்பி

*

அக்டோபர் 30

தம்பி,

அம்மா உயிரோடு இருக்கிறாள். உன் சுகத்தை இன்றைக்கு என்னால் விசாரிக்க முடியவில்லை.

உத்தரவு வந்துவிட்டது. பதிவு மறுக்கப்படுகிறதாம். மறுக்கப்பட்ட பிறகு அந்தப் பெயரிலோ வேறு பெயரிலோ முறைக்காரர்கள் கூடிச் செயல்படுவது குற்றமாம். கீழே கையெழுத்து. பெயரைப் படிக்க வேண்டிய அவசியம்கூட எனக்கு வரவில்லை. உன் விரலைப் பிடித்து எழுதப் பழக்கியவள் நான். கடைசி எழுத்தை மேலே சுழித்துவிடாதே என்று எத்தனை தடவை சொல்லியிருப்பேன்!

அதைப் பள்ளிக்கூடத்து முகவரிக்கு அனுப்பியிருந்தார்கள். நான் பிரித்தது வகுப்பில், பிள்ளைகள் எல்லோரும் சுற்றி நிற்கும்போது. "யார் டீச்சர் கையெழுத்து போட்டிருக்காங்க?" என்று கேட்டார்கள். தெரியாது என்று சொன்னேன். அந்த வகுப்பறையில் நான் தெரிந்தே சொன்ன முதல் பொய் அதுதான்.

இரண்டு பேர் வந்து தெருவில் வீடு வீடாக விசாரித்துவிட்டுப் போனார்கள். தையற்காரம்மாவிடம் கடை உரிமத்தைக் கேட்டார்கள். டிரைவரிடம் பென்ஷன் எந்த வங்கியில் என்று கேட்டார்கள். அதட்டவில்லை, மிரட்டவில்லை, கேட்டுக் குறித்துக்கொண்டதோடு சரி. மறுநாளிலிருந்து யாரும் வரவில்லை. டிரைவர் மட்டும் ஒரு நாள் பின்வாசல் வழியாக வந்து நின்று, "மன்னிச்சிருங்கம்மா, எனக்கும் வீட்டுல படுக்கையில ஒரு ஆள் இருக்கு, பென்ஷன் நின்னா மருந்து நின்னுரும்" என்று அழுதார். அவரைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. எழுதிக் கொடுக்காத வரை அவர்கள் அக்கம்பக்கத்தார். நான் எழுதிக் கொடுக்க வைத்ததும் சட்டவிரோதக் கூட்டம்.

இருந்த விடுப்பையெல்லாம் எடுத்துவிட்டேன், இந்த வாரத்தோடு முடிகிறது. நர்ஸ் தேடினேன். இந்த ஊருக்குப் பகலில் வந்து போக ஒருத்தரும் சம்மதிக்கவில்லை. உன் மேஜையில் செய்ததை உன் மேஜையிலேயே மாற்ற முடியுமா? அதை மட்டும் எழுது. வேறெதுவும் எழுத வேண்டாம்.

அக்கா

*

நவம்பர் 9

அக்கா,

மாற்ற முடியாது. மேல்முறையீடு செய்யலாம், ஆனால் விசாரணைக்கு வர ஒரு வருஷம் ஆகும்.

அமைப்புகளைப் பதிவு செய்கிற பிரிவுதான் என்னுடையது. சிறிய அமைப்புகளின் விண்ணப்பங்களை மறுத்துவிட வேண்டும் என்பது நான் அந்த நாற்காலியில் உட்கார்ந்த வாரமே வந்த வாய்மொழி உத்தரவு. ஜனங்கள் தாமாகக் கூடிப் பழகினால், நாளைக்கு வேறு விஷயத்துக்கும் கூடுவார்கள் என்று மேலே பயம். இதை உனக்கு எழுதினால் நீ அம்மாவுக்கு வாசிப்பாய், அம்மா தெருவுக்கே சொல்வாள். அதுதான் எழுதவில்லை. இல்லை, அதுவும் பொய். வெட்கமாக இருந்தது, எழுதவில்லை.

உங்கள் விண்ணப்பத்தை அடுக்கின் அடியில் தள்ளித் தள்ளி வைத்தேன். நீ திரும்பப் பெற்றுக்கொள்வாய் என்று காத்திருந்தேன். கடைசியில் மேலதிகாரி முன்னால் அடுக்கு முழுவதையும் முடிக்க வேண்டியதாயிற்று. அந்தப் பிள்ளையின் கையெழுத்து மிக அழகாக இருந்தது, அக்கா. மறுப்பில் நான் கையெழுத்துப் போடாவிட்டால் இன்னொருவன் போட்டிருப்பான்.

அம்மாவின் சுகத்துக்கு உடனே எழுது.

தம்பி

*

டிசம்பர் 2

தம்பிக்கு,

நீ அம்மாவின் அடக்கத்துக்கு வந்து அன்று மாலையே கிளம்பிவிட்டாய். கூட்டத்தில் பேச முடியவில்லை. எப்படி நடந்தது என்று நீ கேட்கவும் இல்லை. கேட்காவிட்டாலும் எழுதுகிறேன், என் ஒருத்தியால் இதைச் சுமக்க முடியவில்லை.

வேலைக்குத் திரும்பிய பிறகு, இடைவேளைகளில் வீட்டுக்கு ஓடி வருவேன். முழங்காலோடு ஓடி வந்து, அம்மாவைத் தூக்கி உட்கார வைத்து, தண்ணீர் கொடுத்து, மறுபடி ஓடுவேன். அன்றைக்கும் அப்படித்தான் வந்தேன். அவள் தலை கட்டிலுக்கு வெளியே தொங்கிக்கொண்டிருந்தது. நல்ல கையால் கட்டில் சட்டத்தைப் பிடித்து எழப் பார்த்திருக்கிறாள். அந்தப் பிடியை விடுவிக்க எனக்கு வெகுநேரம் ஆயிற்று.

பக்கத்து வீட்டில் தையல் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. தையற்காரம்மாவுக்கு இருமல் சத்தம் கேட்டிருக்கிறது. எழுந்து வாசல் வரை வந்திருக்கிறாள். தெருமுனையில் யாரோ நிற்பது போலத் தோன்றி உள்ளே போய்விட்டாளாம். அவளே என் காலைக் கட்டிக்கொண்டு சொன்னாள். நானும் அவளும் எவ்வளவு நேரம் அழுதோம் என்று தெரியாது. அவளை மன்னிப்பதற்கு என்ன இருக்கிறது? அம்மாவைத் தனியாக விட்டதில் அவளுக்கு எவ்வளவு பங்கோ, எனக்கும் உனக்கும் அதைவிட அதிகம்.

நேற்று வகுப்புக்குப் போனேன். குண்டூசி முன்பு போல எழுந்து கேட்கவில்லை, உட்கார்ந்தபடியே கேட்டாள். "நாம எழுதிக் குடுக்காம இருந்திருந்தா பாட்டி இருந்திருப்பாங்களா டீச்சர்?" அந்த விண்ணப்பத்தை எழுதியது அவள் கை. இப்போது வகுப்பில் அவள் பேனாவைத் தொடுவதில்லை.

நான் ஆறுதல் சொன்னால் அவள் நம்பமாட்டாள். நீ வா. அந்த வகுப்பின் முன் நின்று, எழுதிக் கொடுத்தது தப்பில்லை, மறுத்ததுதான் தப்பு, மறுத்தது நான், என்று சொல்லிவிட்டுப் போ. அம்மாவுக்கு இனி உன்னால் செய்ய ஒன்றுமில்லை. இந்தப் பிள்ளைக்குச் செய்.

அக்கா

*

ஜனவரி 14

தம்பிக்கு,

பத்திரமாகப் போய்ச் சேர்ந்தாயா? முகம் வெளுத்துப்போய் பஸ் ஏறினாயே, வயிறு எப்படி இருக்கிறது?

வந்ததற்கு முதலில் நன்றி சொல்கிறேன். வரமாட்டாய் என்றுதான் நினைத்திருந்தேன். பிள்ளைகள் உன்னைப் பார்த்து எழுந்து நின்றபோது, என்ன இருந்தாலும் என் தம்பி என்று நினைத்துக்கொண்டேன். அப்புறம் நீ பேச ஆரம்பித்தாய். சட்டத்தின் நோக்கம் என்றாய், நடைமுறை என்றாய், நிர்வாகக் காரணங்கள் என்றாய். "உங்கள் முயற்சி பாராட்டத்தக்கது" என்றாய். கடைசி வரை அந்த ஒரு வாக்கியத்தை நீ சொல்லவே இல்லை. நான் கரும்பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டேன், கண்ணீரைப் பிள்ளைகள் பார்க்கக்கூடாது என்று.

அப்போதுதான் குண்டூசி எழுந்தாள். எத்தனையோ நாளைக்குப் பிறகு எழுந்தாள். கோபமாகக் கேட்கவில்லை, நீயே பார்த்தாய். தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். "சார், நீங்க பாட்டியோட பையன்தானே? எங்கம்மாவுக்குப் புதன். டிரைவர் மாமாவுக்குத் திங்கள். உங்க முறை என்னைக்கு சார்?"

நீ கைக்கடிகாரத்தைப் பார்த்தாய். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்றாய்.

விருந்தினரை அவமதித்த பெண்ணைக் கண்டிக்க வேண்டும் என்று தலைமையாசிரியர் என்னிடம் சொன்னார். அடுத்த வருஷம் அந்தப் பாடத்தையே விட்டுவிடலாம் என்றும் சொன்னார். பாடத்தைப் பற்றி நான் இன்னும் பதில் சொல்லவில்லை. பெண்ணைக் கண்டிக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். அவள் கேள்விக்கு வராத பதில்தான் வகுப்பில் இப்போது பாக்கி.

அக்கா

*

மார்ச் 20

அக்கா,

நீ சுகமா? உன் முழங்கால் எப்படி?

உன் கடிதம் வந்ததிலிருந்து தினமும் எழுத உட்காருகிறேன். சின்னவள் கேட்டாள், யாருக்குப்பா எழுதுறீங்க, கிழிச்சுக் கிழிச்சுப் போடுறீங்க என்று. வேலையை விட்டுவிட்டேன் என்று எழுதத்தான் ஆசை. விடவில்லை. நாளைக்கும் அந்த மேஜைக்குத்தான் போவேன். தைரியம் வரவில்லை, வரும் என்றும் தோன்றவில்லை.

அந்தப் பிள்ளையிடம் சொல். விண்ணப்பத்தில் பிழை ஒன்றுமில்லை. மறுத்தது நான். பாட்டியின் பையன் நான்தான்.

எனக்கு முறை இருந்ததில்லை. வருவேன், வாசலில் செருப்பைக் கழற்றுவேன், அம்மாவின் காலைத் தொட்டுப் பார்ப்பேன், பஸ்ஸுக்கு நேரமாகிவிடும். அவள் பக்கத்தில் நான் ஒரு நாளும் உட்கார்ந்ததில்லை. இதை வகுப்பில் வாசித்துவிடு.

தம்பி